புல்வெளிக் களைக்கு விஷம் தூவலாமா? அமெரிக்காவையே யோசிக்க வைத்த ரேச்சல் கார்சனின் கதை!

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனி உருகி, வீட்டு வாசலில் இருக்கும் புல்வெளி மறுபடியும் பச்சை பிடிக்கிற நேரம் இது. புல் மட்டும் தனியாக வருமா? கூடவே களையும் வரும். மஞ்சள் பூவோடு டான்டிலயன் தலை காட்டும். மண்ணுக்குள்ளே க்ராப்கிராஸ் விதை முளைக்கக் காத்துக்கொண்டிருக்கும். நண்டு கால் விரித்த மாதிரி தரையோடு படர்வதால் அந்தப் புல்லுக்கு அப்படி ஒரு பெயர்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கவலை வேறு. உடனே கடைக்குப் போய் ஒரு மூட்டை களைக்கொல்லி வாங்கி வந்து, புல் முழுக்கத் தூவிவிட்டால் நிம்மதி. இதுதான் அங்கே பல வீடுகளில் வருஷா வருஷம் நடப்பது.

சரி, அந்த மூட்டைக்குள்ளே என்ன இருக்கிறது? புல் மேல் விழுந்தது புல்லோடு நின்றுவிடுமா, இல்லை வேறு எங்கேயாவது போகுமா? 1960-களின் தொடக்கம் வரை பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே தோன்றவில்லை. அந்தக் கேள்வியை நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் ஒரு பெண். கடலைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். புல்வெளி விஷத்தைப் பற்றி எழுதியபோது அவர் உடம்பையே புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அதை அவர் வெளியே சொல்லவே இல்லை.

அவர்தான் ரேச்சல் கார்சன். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த ரேச்சல் கார்சன்?

1907 மே 27-ம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ரேச்சல். பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். அப்பா ராபர்ட், அம்மா மரியா. மூன்று பிள்ளைகளில் ரேச்சல்தான் கடைக்குட்டி. குடும்பத்துக்கு சுமார் 65 ஏக்கர் நிலம் இருந்தது. ஆனால் கையில் காசு தங்கியதில்லை.

அம்மா மரியா திருமணத்துக்கு முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அழைத்துப்போய் இது என்ன பறவை, இது என்ன பூச்சி என்று ஒவ்வொன்றாகக் காட்டி வளர்த்தார். ரேச்சலுக்கு எழுத்து ஆசையும் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. 11 வயதில் எழுதிய கதை, அப்போது பிரபலமாக இருந்த செயின்ட் நிக்கோலஸ் என்ற சிறுவர் இதழில் வெளியானது.

பிட்ஸ்பர்க்கில் இருந்த பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் அவர் சேர்ந்தது ஆங்கில இலக்கியம் படிக்கத்தான். அங்கே மேரி ஸ்கின்கர் என்ற உயிரியல் ஆசிரியை எடுத்த பாடம் அவரை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. இலக்கியத்தை விட்டுவிட்டு உயிரியலுக்கு மாறினார். 1929-ல் பட்டம். அந்தக் கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போனபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார். 1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலை முடித்தார்.

முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தார். ஆனால் அது அமெரிக்கா பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த காலம். வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டார். 1935-ல் அப்பா இறந்தார். 1937-ல் அக்கா இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளும் இவர் கைக்கு வந்தார்கள். 30 வயதுகூட ஆகவில்லை, மொத்தக் குடும்பமும் இவர் தலையில்.

அரசு வேலை, கடல், புகழ்

அந்தச் சமயத்தில் அமெரிக்க மீன்வளத் துறை, கடல் உயிர்களைப் பற்றி ஒரு வானொலித் தொடர் தயாரித்தது. அதற்கு எழுத ஆள் தேடினார்கள். ரேச்சல் எழுதினார். எழுத்து பிடித்துப்போக, 1936-ல் அங்கேயே நிரந்தர வேலை கிடைத்தது. அந்தத் துறையில் நிபுணர் பதவிக்கு எடுக்கப்பட்ட இரண்டாவது பெண் இவர்தான். பகலில் அரசு அறிக்கைகள், இரவில் சொந்த எழுத்து என்று வருஷங்கள் ஓடின.

முதல் புத்தகம் 1941-ல் வந்தது. வந்த சில வாரங்களிலேயே பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து நாடே போருக்குள் போய்விட்டது. புத்தகத்தை யாரும் கவனிக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1951-ல் வெளிவந்த 'தி ஸீ அரவுண்ட் அஸ்' எல்லாவற்றையும் மாற்றியது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரம் நின்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதும் கிடைத்தது. இனி எழுத்தே பிழைப்பு என்று 1952-ல் அரசு வேலையை விட்டார்.

இதற்கு நடுவே ஒரு முக்கியமான விஷயம். 1945-லேயே டிடிடி பூச்சிக்கொல்லி பற்றி எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேரிலாந்தில் அரசே நடத்திய சோதனைகளை வைத்து ஒரு கட்டுரை தருகிறேன் என்று ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழைக் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த எண்ணம் 13 வருஷம் மனதிலேயே கிடந்தது.

போர் முடிந்தது... புல்வெளி தொடங்கியது!

இந்த 13 வருஷத்தில் அமெரிக்க வீடுகளே மாறிவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காகப் புறநகர்களில் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டப்பட்டன. நியூயார்க் அருகே 1947-ல் தொடங்கிய லெவிட்டவுன் இதில் ரொம்பப் பிரபலம். ஒரே மாதிரி வீடு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புல்வெளி. வாரம் ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும் என்று அங்கே விதியே இருந்தது. புல்வெளியை வைத்துத்தான் வீட்டுக்காரரை எடைபோடுவார்கள் என்ற நிலை வந்தது.

அதே நேரத்தில் போர்க்கால ரசாயனங்களும் வீட்டுக்குள் வந்தன. போர்முனையில் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பிய பேனை ஒழித்த டிடிடி, தோட்டத்துக்கு வந்தது. 2,4-டி என்ற களைக்கொல்லி 1945-ல் விற்பனைக்கு வந்தது. இது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். டான்டிலயன் தொல்லைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாங்கித் தெளித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை அமெரிக்காவில் புல்வெளி விதையோடு வெள்ளை க்ளோவர் விதையையும் கலந்தே விற்பார்கள். க்ளோவர் நம்ம ஊர் பயறு, தக்கைப்பூண்டு மாதிரி காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் செடி. புல்லுக்கு இலவச உரம். ஆனால் அதன் இலை அகலமானது. 2,4-டி பட்டால் செத்துப்போகும். மருந்துக்கு ஏற்ற மாதிரி கருத்தை மாற்றிக்கொண்டார்கள். நேற்றுவரை விதைத்த செடி, களைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது!

க்ராப்கிராஸ் கதை வேறு. அதுவும் புல் இனம்தான். அதனால் 2,4-டி அதை ஒன்றும் செய்யாது. அதற்கென்று குளோர்டேன், ஆர்சனிக் கலந்த மருந்துகள் என்று இன்னும் கடுமையான சரக்குகள் கடைக்கு வந்தன.

ஒரு கடிதத்தில் தொடங்கியது...

1957-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொசு ஒழிப்புக்காக விமானத்திலிருந்து டிடிடி தெளித்தார்கள். டக்ஸ்பரி என்ற ஊரில் ஓல்கா ஹக்கின்ஸ் என்பவர் தன் இடத்தைப் பறவைகளுக்காகவே விட்டு வைத்திருந்தார். விமானம் போன பிறகு அங்கே பறவைகள் செத்துக் கிடந்தன. மனம் நொந்து 1958 ஜனவரியில் செய்தித்தாளுக்கு எழுதினார். அதன் பிரதியைத் தன் தோழி ரேச்சலுக்கும் அனுப்பினார்.

அதே சமயம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மரத்தின் இலைகளைத் தின்னும் ஒரு வகை அந்துப்பூச்சியை ஒழிக்கிறோம் என்று விமானங்கள் வீடு, தோட்டம், வயல் என்று பார்க்காமல் டிடிடி கலந்த எண்ணெயைத் தெளித்திருந்தன. எங்கள் நிலத்தில் எங்கள் அனுமதி இல்லாமல் எப்படித் தெளிக்கலாம் என்று குடியிருப்பவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1960-ல் விசாரணைக்கே எடுக்கப்படாமல் முடிந்தது. வழக்குத் தோற்றாலும், அதில் நிபுணர்கள் கொடுத்த சாட்சியங்கள் ரேச்சலுக்குப் பெரிய புதையலாகக் கிடைத்தன.

முதலில் வேறு யாரையாவது எழுதச் சொல்லிப் பார்த்தார். ஒரு பத்திரிகைக் கட்டுரை போதும் என்றும் நினைத்தார். தோண்டத் தோண்ட விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. கட்டுரை புத்தகமானது. நாலு வருஷ உழைப்பு.

இந்த நாலு வருஷமும் வீட்டில் நிம்மதி இல்லை. 1957-ல்தான் அவர் வளர்த்த அக்கா மகள்களில் ஒருவர் இறந்திருந்தார். அவருடைய ஐந்து வயது மகன் ரோஜரை ரேச்சல் தத்தெடுத்தார். 1958 டிசம்பரில் அம்மா மரியா காலமானார். மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற புறநகரில் இருந்த வீட்டில், சின்னப் பையனைப் பார்த்துக்கொண்டே இரவில் உட்கார்ந்து எழுதினார்.

ராபின் பறவை ஏன் செத்தது?

புத்தகத்தின் மையத்தில் இருப்பது ஒரு சாதாரணப் பறவை. அமெரிக்க ராபின். செங்கல் நிற மார்பு, புல்வெளியில் தத்தித் தத்திப் போய் மண்புழுவை இழுத்துத் தின்னும். நமக்கு மாம்பூவும் வேப்பம்பூவும் மாதிரி, அங்கே வசந்தம் வந்துவிட்டது என்று சொல்லும் அடையாளமே ராபின் வருவதுதான்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு நோய் வந்தது. நோயைப் பரப்பும் வண்டைக் கொல்ல 1954-லிருந்து டிடிடி தெளித்தார்கள். அடுத்த வசந்தத்தில் வந்த ராபின்கள் உடம்பு நடுங்கி, துடித்துச் செத்தன. பறவையியல் பேராசிரியர் ஜார்ஜ் வாலஸ் இதைப் பதிவு செய்தார். தெளித்தது மரத்துக்கு. செத்தது புல்வெளியில் நடந்த பறவை. எப்படி?

கணக்கு இதுதான். மருந்து இலையில் ஒட்டுகிறது. இலையுதிர் காலத்தில் இலை கீழே விழுகிறது. அதை மண்புழு தின்கிறது. டிடிடி கொழுப்பில் தங்கும், சீக்கிரம் சிதையாது. அதனால் புழுவின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. பல புழுக்கள் சாகாமல் அடுத்த வசந்தம் வரை இருக்கின்றன. ராபின் வந்து அந்தப் புழுக்களைத் தின்கிறது. 11 பெரிய புழு போதும், ஒரு ராபினைக் கொல்லும் அளவு விஷம் சேர்ந்துவிடும் என்று இல்லினாய் ஆய்வாளர் ராய் பார்க்கர் கண்டறிந்தார். 11 புழு என்பது ராபினுக்குச் சில நிமிடச் சாப்பாடு.

அதாவது, தெளித்த இடத்தில் தெளித்தது நிற்பதில்லை. இந்தச் சங்கிலியை சாதாரண வாசகருக்கும் புரியும்படி எழுதியதுதான் ரேச்சலின் சாமர்த்தியம்.

க்ராப்கிராஸ் பற்றி அவர் என்ன சொன்னார்?

வீட்டுப் புல்வெளிக்காரர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் நேரடியாகவே விஷயம் இருந்தது. மருந்துக் கம்பெனி நர்சரிக்காரருக்குச் சொல்ல, நர்சரிக்காரர் வீட்டுக்காரருக்குச் சொல்ல, க்ராப்கிராஸ் மருந்து மலைக்க வைக்கும் அளவில் புல்வெளிகளில் கொட்டப்படுகிறது என்று அவர் காட்டினார். கடையில் விற்கும் பெயரைப் பார்த்தால் உள்ளே குளோர்டேன் இருப்பதோ ஆர்சனிக் இருப்பதோ தெரியாது. பொடி எழுத்தில் எங்கோ இருக்கும். அட்டைப் படத்தில் அப்பாவும் பிள்ளையும் சிரித்துக்கொண்டே புல்வெளியில் நிற்பார்கள்.

தண்ணீர்க் குழாயிலேயே மாட்டித் தெளிக்கும் கருவி, புல் வெட்டும் இயந்திரத்திலேயே பொருத்தி விஷப்புகை விடும் கருவி என்றெல்லாம் அப்போது விற்றார்கள். கடை அலமாரியில் ஊறுகாய், சோப்புக்கு எதிரிலேயே, குழந்தை கை எட்டும் உயரத்தில் பூச்சி மருந்துக் கண்ணாடிப் பாட்டில்கள் இருந்ததையும் குறிப்பிட்டார். வாராவாரம் தன் தோட்டத்துச் செடிகளுக்கு மருந்தடித்து, உடம்பெல்லாம் நனைந்து, ஒரு வருஷத்தில் நிரந்தர நரம்புப் பாதிப்போடு படுத்த ஒருவரைப் பற்றியும் எழுதினார். அவர் ஒரு மருத்துவர்!

அப்படியென்றால் களையை என்ன செய்வது? ரேச்சல் சொன்ன பதில் எளிமையானது. க்ராப்கிராஸ் ஒரு நோய் இல்லை, நோயின் அறிகுறி. அது ஒவ்வொரு வருஷமும் விதையிலிருந்துதான் புதிதாக முளைத்தாக வேண்டும். அதற்கு வெயில் படும் வெற்று மண் வேண்டும். மண் வளமாக இருந்து, புல் அடர்த்தியாக வளர்ந்தால் அதற்கு இடமே கிடைக்காது. மண்ணைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் போட்டால், அடுத்த வருஷம் மறுபடி அதே க்ராப்கிராஸ், மறுபடி அதே மூட்டை. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி.

எல்லா ரசாயனத்தையும் தூக்கிப் போடுங்கள் என்று அவர் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. விளைவு தெரியாத விஷத்தை, விவரம் தெரியாதவர்கள் கையில் கண்மூடித்தனமாகக் கொடுத்தது தவறு என்றார். மாற்று வழிகளையும் எடுத்துக் காட்டினார். ஹாலந்தில் பூங்கா ரோஜாக்களின் வேரை நூற்புழு தின்றபோது, நடுவே செண்டுமல்லி நட்டுச் சரிசெய்தார்கள். கலிபோர்னியாவின் மேய்ச்சல் நிலங்களில் பரவிய ஒரு களையை, அதை மட்டுமே தின்னும் வண்டுகளை விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். புல்வெளியின் வேரைத் தின்னும் ஜப்பானிய வண்டின் புழுக்களுக்கு, அவற்றை மட்டும் தாக்கும் ஒரு பாக்டீரியா இருந்தது. ஆனால் இதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

மறைத்து வைத்த உண்மை

1960 வசந்தத்தில் அவருக்கு மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி புற்றுநோய்தானா என்று கேட்டபோது மருத்துவர் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண் நோயாளிகளிடம் இப்படி மறைப்பது சகஜம். அந்த வருஷக் கடைசியில் வேறு மருத்துவரிடம் போனபோதுதான், நோய் பரவிவிட்டது தெரிந்தது.

கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டுவலி, கண் அழற்சி என்று ஒன்று மாற்றி ஒன்று. பல வாரம் படிக்கவே முடியாமல் போனது. புத்தகத்தில் ரசாயனங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றித் தனி அத்தியாயங்கள் இருந்தன. 1959-ல் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் க்ரான்பெர்ரி பழங்களில் கண்டுபிடிக்கப்பட்டு, பண்டிகை நேரத்தில் நாடே பதறிய சம்பவமும் அதில் வருகிறது. எலிகளுக்குத் தைராய்டு புற்று உண்டாக்கிய மருந்து அது.

தனக்குப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சொந்த நோயின் கோபத்தில் எழுதுகிறார் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. தன்னைப் பற்றிய தகவலை மருத்துவர் தன்னிடமே மறைத்த அனுபவம் பட்டவர், மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்தது, புயல் அடித்தது

1962 ஜூனில் நியூயார்க்கர் இதழில் மூன்று பகுதிகளாக வெளியானது. செப்டம்பர் 27-ல் புத்தகமாக வந்தது. பெயர் 'சைலன்ட் ஸ்பிரிங்'. மௌன வசந்தம். பறவைகள் செத்துப்போனதால் குரலே கேட்காத ஒரு வசந்தகாலம்.

புத்தகம் அச்சாகும் முன்பே, குளோர்டேன் தயாரித்த வெல்சிகால் நிறுவனம் பதிப்பகத்துக்கு வழக்கு மிரட்டல் விடுத்தது. பதிப்பகம் பின்வாங்கவில்லை. ரசாயன நிறுவனங்களின் சங்கம் பெரும் பணம் செலவழித்து எதிர்ப்பிரசாரம் செய்தது. மான்சாண்டோ நிறுவனம், பூச்சிமருந்து இல்லாத உலகம் எப்படி அழியும் என்று கேலிக் கதையே வெளியிட்டது. கல்யாணம் ஆகாதவர், உணர்ச்சிவசப்படுபவர், கம்யூனிஸ்ட்டாக இருப்பார் என்று தனிப்பட்ட முறையிலும் பேசினார்கள். முனைவர் பட்டம் இல்லை என்பதும் குத்திக் காட்டப்பட்டது. அந்தப் பட்டத்தை ஏன் முடிக்க முடியவில்லை என்பது நமக்குத் தெரியும்.

1962 ஆகஸ்டில் செய்தியாளர் சந்திப்பில் அதிபர் கென்னடியிடமே இந்தக் கேள்வி போனது. கார்சன் எழுதியதைத் தொடர்ந்து அரசு ஆராய்கிறது என்றார் அவர். அறிவியல் ஆலோசனைக் குழு விசாரணையில் இறங்கியது.

தொலைக்காட்சிதான் அடுத்த திருப்பம். 1963 ஏப்ரல் 3-ம் தேதி சிபிஎஸ் சேனல் ரேச்சலைப் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ஐந்து விளம்பரதாரர்களில் மூன்று பேர் கடைசி நேரத்தில் விலகினார்கள். சேனல் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் வெள்ளை கோட் போட்ட ரசாயன நிறுவன விஞ்ஞானி, இந்தப் பெண் சொல்வதைக் கேட்டால் உலகம் பூச்சிகள் கையில் போய்விடும் என்று ஆவேசமாகப் பேசினார். மறுபக்கம் ரேச்சல் அமைதியாக, குரல் உயர்த்தாமல் விளக்கினார். லட்சக்கணக்கான வீடுகளில் இதைப் பார்த்தார்கள். யாரை நம்புவது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த மாதம், மே 15-ல் வந்த அதிபரின் அறிவியல் குழு அறிக்கை, ரேச்சல் சொன்னதைப் பெருமளவு உறுதி செய்தது.

செனட் முன்னால் ஒரு கோரிக்கை

1963 ஜூன் 4-ம் தேதி செனட் குழு முன்பு சாட்சி சொல்லப் போனார். நோய் எலும்பு வரை போயிருந்தது. நடப்பதே கஷ்டம். அங்கே அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று நேரடியாக வீடு சம்பந்தப்பட்டது. அடுத்தவர் தெளிக்கும் விஷம் தன் வீட்டுக்குள் வராமல் இருக்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை வேண்டும் என்பது. லாங் ஐலண்ட்காரர்கள் நீதிமன்றத்தில் கேட்டு, கிடைக்காமல் போன அதே உரிமை.

1964 ஏப்ரல் 14. சில்வர் ஸ்பிரிங் வீட்டில் ரேச்சல் கார்சன் காலமானார். வயது 56. அதுவும் வசந்தகாலம்தான். 12 வயது ரோஜரை, ரேச்சலின் பதிப்பாசிரியர் பால் புரூக்ஸ் குடும்பம் எடுத்து வளர்த்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

1970-ல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. 1972-ல் டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை வந்தது. க்ராப்கிராஸுக்காகப் புல்வெளிகளில் கொட்டிய குளோர்டேன், 1983-க்குப் பிறகு கரையான் ஒழிப்புக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, 1988-ல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. இந்த குளோர்டேன் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் தங்கக்கூடியது. 1980-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதை, மறைவுக்குப் பின் ரேச்சலுக்கு அறிவித்தார் அதிபர் ஜிம்மி கார்ட்டர்.

அவர் மேல் இன்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. டிடிடி தடையால் மலேரியாவில் மக்கள் செத்தார்கள், அதற்கு இவர்தான் காரணம் என்பது. உண்மை என்ன? 1972 தடை அமெரிக்காவுக்குள் மட்டும்தான். ஸ்டாக்ஹோம் சர்வதேச ஒப்பந்தமும் நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டிடிடிக்கு விலக்கு தந்திருக்கிறது. அந்த விலக்கைப் பயன்படுத்திய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கண்டபடி தெளித்தால் கொசுவே மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் நோயைத் தடுக்க ஆயுதமே இருக்காது என்றுதான் ரேச்சல் எச்சரித்திருந்தார்.

அதேபோல 2,4-டி இன்றும் அங்கே சட்டப்படி விற்கப்படுகிறது. எல்லா மருந்தும் போய்விடவில்லை. ஆனால் எதை, எவ்வளவு, எங்கே போடலாம் என்று சோதித்து, அட்டையில் எழுதி விற்க வேண்டும் என்ற கட்டாயம் பலமடங்கு இறுகியிருக்கிறது.

வீட்டில் புல்வெளி இருக்கிறதா? இதைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கும் உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதை அனுப்பலாம். புல் அடர்ந்தால் களை குறையும் என்று ரேச்சல் சொன்னதைத்தான் இன்றைய புல்வெளி வல்லுநர்களும் சொல்கிறார்கள்.

* புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். குளிர்ப் பகுதிப் புல்லை 3 அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கள். நிழல் விழுந்த மண்ணில் க்ராப்கிராஸ் சரியாக முளைக்காது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

* வெட்டிய புல்லை அங்கேயே விடுங்கள். அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பும்.

* டான்டிலயனை மழை பெய்து மண் இளகியதும், பூ விதையாகும் முன், ஆணிவேரோடு பிடுங்குங்கள். வேர் அறுந்தால் மறுபடி துளிர்க்கும்.

* முளைக்கும் முன் போடும் களைக்கொல்லியைப் போட்டே ஆக வேண்டும் என்றால், நேரம் பார்த்துப் போடுங்கள். மண் வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸைத் தொட்டு நிற்கும்போதுதான் க்ராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். முளைத்த பிறகு போட்டால் பெரும்பாலும் காசுக்குக் கேடு. இதில் பெரும்பாலான மருந்துகள் புதிதாக விதைத்த புல்லையும் முளைக்க விடாது என்பதால் வசந்தத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். வெற்று இடங்களில் விதைக்க ஏற்ற காலம் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் நேரம்.

* அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அது அங்கே இருப்பதற்குப் பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது.

கடைசியாக ஒரு தகவல். சில்வர் ஸ்பிரிங் இருப்பது மேரிலாந்தின் மான்ட்கமரி கவுன்டியில். அழகுக்காக மட்டும் வீட்டுப் புல்வெளியில் ரசாயன மருந்து போடுவதைக் கட்டுப்படுத்தி 2015-ல் அந்தக் கவுன்டி ஒரு சட்டம் போட்டது. தனியார் புல்வெளிகளுக்கு அது செல்லாது என்று 2017-ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மேல்முறையீட்டில் சட்டம் மறுபடி உயிர் பெற்றது. ரேச்சல் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய வீடும் அந்தக் கவுன்டியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அக்கம்பக்கப் புல்வெளிகளில் ஏப்ரல் மாதம் ராபின்கள் வந்து மண்புழு தேடுகின்றன.